இரண்டரை டிக்கெட்

அத்தியாயம் ஏழு

வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிட்டுவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றவள் மட்டும் எப்படி மறப்பாள்?

"உன்னையும் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரு" என்று பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, அந்த ஏழு வயதுக் குழந்தை விடிந்தும் விடியாமலும் வாசலுக்குப் போய்விட்டது. கார் வந்தது. உள்ளே அந்தப் பெரியம்மாவின், அதாவது வீட்டு மூத்தவளின், தங்கை பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "இடம் இல்லடா கண்ணு, அடுத்த தடவை" என்று ஜன்னலை ஏற்றிவிட்டுக் கார் கிளம்பிப் போயிற்று.

அதோடு நின்றிருந்தால் சிட்டுவின் அம்மா, இளையவள், விழுங்கியிருப்பாள். ஓரகத்தி உறவில் விழுங்குவதற்கா பஞ்சம்? ஆனால் ஊர் திரும்பிய மூத்தவள், சொந்தபந்தம் கூடியிருந்த கூடத்தில் வாயைத் திறந்தாள்.

"சின்னவன் வீட்டுல இதுக்கெல்லாம் செலவு பண்ண முடியாது, பாவம். பிள்ளைக்கு ஆசை காட்டிப் பழக்கிட்டா நாளைக்கு அவங்களுக்குத்தானே கஷ்டம்?"

அத்தனை பேரும் 'உச்' கொட்டினார்கள். அந்த 'உச்' இளையவளின் காதுக்குள் புகுந்து குடியேறிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் அது காலி செய்யாது என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தச் சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் ரொட்டித் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு நகரத்தின் வரைபடத்தை விரித்திருந்தாள். வெள்ளிக்கிழமை விடியலில் பஸ்ஸில் கிளம்பி ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் திரும்புவது. கைக்கடக்கமான செலவு. ஆனால் மூத்தவளின் வயிறு எரிய வேண்டும். இந்த மூன்றும்தான் திட்டம்.

"தங்க இடம் முடிஞ்சுது" என்றான் அவள் கணவன். அவன் லிப்ட் மெக்கானிக். நகரத்துக் கட்டடங்களில் பாதிக்கு மேல் அவன் கை பட்டிருக்கிறது. "எங்க கம்பெனி ஆளுங்க தங்கற ரூம் ஒண்ணு காலியா இருக்கு. ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு. காலையில நாமளே ஏதாவது பண்ணிச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம். ஆனா ஒண்ணு, ஒரு நாளைக்கு ரெண்டு இடத்துக்கு மேல வேண்டாம். மத்தியானம் ரூமுக்கு வந்து பிள்ளையத் தூங்க வைக்கணும். இல்லேன்னா நாலு மணிக்கு அது நடுரோட்டுல உக்காந்துரும். அதுக்கப்புறம் என் தோள்தான்."

"கோபுரம்?" என்றாள் அவள். மூத்தவள் குடும்பம் நகரத்தின் உயரமான கோபுரத்து உச்சியில் நின்று படம் எடுத்து, குடும்பத்து வாட்ஸப் குழுவில் வரிசையாகப் போட்டிருந்தது.

"அதுல ஏறுற காசுக்கு ரெண்டு நாள் சாப்பிடலாம். பொது நூலகத்துல மேல் மாடி இருக்கு. அந்த லிப்ட்ட மாட்டினதே நான்தான். அதே ஆறு, அதே பாலம். பைசா கிடையாது."

"அவங்க கோபுரத்துல நின்னு படம் போட்டிருக்காங்க. நான் போய் நூலகத்துலயா நிக்கறது?"

"யோசிச்சுப் பாரு. கோபுரத்து மேல நின்னா படத்துல கோபுரம் வராது. நூலகத்துல நின்னா, உன் தலைக்குப் பின்னாடி முழுக் கோபுரமும் வரும்."

இளையவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷன் இவ்வளவு நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"பூமிக்குள்ள போற ரயில்?" என்றாள் சிட்டு, வாயில் ரொட்டியோடு.

"அதுல நாள் பூராவும் போகலாம்டா. ஒரு பாஸ் எடுத்தா போதும். உனக்கு அதுகூட வேண்டாம், ஓசி."

"படகு?"

"மேல் தட்டுல ஏறினாத்தான் காசு ஜாஸ்தி. கீழ நின்னா தண்ணி மூஞ்சில அடிக்கும். உனக்கு எது வேணும்?"

"தண்ணி!"

இளையவள் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் பேனாவால் வட்டமிட்டாள். மூத்தவள் போகாத இடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் வட்டமிட்டாள். ஒவ்வொன்றும் ஒரு படம். ஒவ்வொரு படமும் ஒரு குத்து.

"நீ ஊர் சுத்தப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றான் கணவன்.

"ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்தானே" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் விற்பனை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்துவது அவள் பொறுப்பு. அன்று மேசைமேல் காத்திருந்த முதல் தட்டிலேயே மூத்தவளின் பிரேம் இருந்தது. தங்க நிறத்தில் காதுக் கம்பி, ஓரத்தில் மினுக்கும் கற்கள்.

தெய்வம் தேடி வந்து கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். நூலளவு விலகினால் போதும், கண்ணாடி போட்டவருக்குத் தரை மேடாகும், படி பள்ளமாகும், பொழுது சாய்வதற்குள் தலை பிளக்கும். மருத்துவரைச் சந்தேகப்படுவார்கள், வயதைச் சந்தேகப்படுவார்கள். பொருத்தினவளை யாரும் நினைக்க மாட்டார்கள். மூத்தவள் ஒரு மாதத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

இளையவள் லென்ஸில் புள்ளி வைத்தாள். சரியான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துணியால் துடைத்துவிட்டு, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, மெஷினில் ஏற்றினாள். மனம் இரங்கியதால் அல்ல. இத்தனை வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட அவள் கையிலிருந்து கோணலாகப் போனதில்லை. மூத்தவளுக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? அவளுக்கு அவ்வளவு மரியாதையா?

உச்சிப்பொழுதில் மூத்தவளே வந்தாள். கண்ணாடியைப் போட்டுக் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"பளிச்சுன்னு இருக்கு. கைராசிக்காரிதான் நீ." கண்ணாடியைக் கழற்றவில்லை. போகவும் இல்லை. கவுண்டரில் விரலால் கோலம் போட்டுக்கொண்டு நின்றாள். "நகரத்துக்குப் போறீங்களாமே?"

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமை. உங்க அளவுக்கெல்லாம் இல்ல. எங்களால முடிஞ்ச அளவுக்கு."

குத்தல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். மூத்தவளின் முகம் மாறவில்லை. குரல்தான் இறங்கியது.

"ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். பொம்மியையும் உங்களோட கூட்டிட்டுப் போறியா?"

பொம்மி மூத்தவளின் ஒரே மகள். சிட்டுவும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"அன்னைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறா. 'சிட்டு இல்லாம என்னை ஏன் கூட்டிட்டுப் போனே'ன்னு கேக்கறா. அங்கயும் ஒரு இடத்துலயும் சிரிக்கல. போட்டோவுல பாத்திருப்பியே." மூத்தவள் கண்ணாடியை மேலே தள்ளி, கண்ணோரத்தை விரலால் துடைத்துக்கொண்டாள். "சிட்டுவோட ஒரு தடவை போயிட்டு வந்தா சரியாயிடுவா. உனக்கு இடைஞ்சலா இருந்தா வேண்டாம்."

மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. வராத இடத்தில்தான் அந்த யோசனை வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. மூத்தவளின் மாடி வீட்டு வாசல். பையோடு ஒரு குழந்தை. பஸ்ஸோ ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். 'ஐயோ, சீட் கிடைக்கலைக்கா. அடுத்த தடவை.'

வெண்ணெய் திரண்டு தானாகக் கைக்கு வந்திருந்தது.

"இதென்னக்கா கேள்வி?" என்றாள் இளையவள். தன் குரல் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கே தெரியாது. "பொம்மி வேற, சிட்டு வேறயா? தாராளமா வரட்டும். காலையில வாசல்ல ரெடியா நிக்கச் சொல்லுங்க. போற வழியில வந்து அழைச்சுக்கறோம்."

மூத்தவள் பர்ஸைத் திறந்தாள். "டிக்கெட்டுக்கு…"

"உள்ள வையுங்க. சின்னவன் வீட்டுல ஒரு அரை டிக்கெட்டுக்கு வழியில்லாமப் போயிடல."

இந்தத் தடவை குத்தல் போய்ச் சேர்ந்தது. மூத்தவள் பர்ஸை மூடினாள். "எங்க எடுக்கப் போறே?" என்று மட்டும் கேட்டாள்.

"மார்க்கெட் பக்கத்து பஸ் கவுண்டர்ல. சாயந்திரம்."

"சரி" என்று போய்விட்டாள். புதுக் கண்ணாடியோடு, வாசல் படியில் துளிகூடத் தடுமாறாமல்.

வீட்டில் இந்தச் சேதியைச் சொன்னபோது கணவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"நிஜமாவா? பொம்மியைக் கூட்டிட்டுப் போறேன்னு நீயா சொன்னே?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

"அதில்லம்மா. நானா இருந்தாக்கூட முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். உனக்குப் பெரிய மனசு." அவன் கண் கலங்கியதுபோல இருந்தது. "அண்ணன்கிட்ட நான் பேசியே ரொம்ப நாளாச்சு. இதுனாலயாவது…"

அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை. இவன் கண் கலங்கினான் என்பதற்காக அன்று சிட்டு அழுதது இல்லை என்று ஆகிவிடுமா?

சிட்டுவோ வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ரயில்ல நானும் பொம்மியும் ஒரு சீட்டு! படகுல ரெண்டு பேரும் கீழ! கட்டில்ல ரெண்டு பேரும் சுவர் ஓரம்!"

மாலையில் டிக்கெட் எடுக்கப் போனபோது சிட்டுவும் ஒட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

கவுண்டரில் கூட்டம் இல்லை. உள்ளே இருந்தவர் கண்ணாடிக் கடையின் வாடிக்கையாளர். "வாங்கம்மா. எத்தனை பேர்?"

"ரெண்டு முழு, ஒரு அரை."

சிட்டு அவள் கையை இழுத்தாள். "அம்மா, ரெண்டு அரை."

"ஒரு அரை" என்றாள் இளையவள் மறுபடியும், கவுண்டர்க்காரரின் முகத்தைப் பார்த்தே.

டிக்கெட் வந்தது. வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். சிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பழக்கடை தாண்டியது, செருப்புக் கடை தாண்டியது. கேட்காமல் வரும் குழந்தை கேட்கிற குழந்தையைவிடக் கனம்.

தெரு திரும்பும் இடத்தில் சிட்டு நின்றாள். "பொம்மி வரமாட்டாளா?"

"வருவா, வரமாட்டா, உனக்கென்ன அதப் பத்தி?"

"பெரியம்மாகிட்ட வாசல்ல நிக்கச் சொன்னேன்னு அப்பாகிட்ட சொன்னியே."

"ஆமா, சொன்னேன்."

சிட்டு நெற்றியைச் சுருக்கினாள். பள்ளியில் கணக்குப் போடும்போது அப்படித்தான் சுருக்குவாள். விடை கிடைத்ததும் முகம் விரியும். இப்போதும் விரிந்தது. "ஓ" என்றாள்.

"அப்பாகிட்ட உளறி வைக்காதே" என்றாள் இளையவள்.

"மாட்டேன்." சிட்டு அம்மாவின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி நடந்தாள். மகளும் தன் கட்சி என்று தெரிந்ததில் இளையவளுக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளே சிட்டு போனில் பேசுவது கேட்டது. தேன் ஒழுகும் குரல்.

"பொம்மி, நான்தான். அம்மா டிக்கெட் எடுத்தாச்சு. உனக்கும்தான்! ஜன்னல் சீட்டு உனக்கே… ஆமா, நிஜமா. நீ என்ன பண்றே, ரொம்பச் சீக்கிரமே வாசலுக்கு வந்துடு. இருட்டா இருக்கும்போதே. நல்ல டிரெஸ் போட்டுக்கோ, அந்த மஞ்சள் டிரெஸ். யாராவது உள்ள வரச் சொன்னாலும் போயிடாதே. நாங்க கொஞ்சம் லேட்டா வந்தாலும் அங்கயே இரு. கண்டிப்பா வருவோம்."

ஈரக் கையோடு இளையவள் அறை வாசலில் நின்றாள். சிட்டு போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மஞ்சள் டிரெஸ்ஸுன்னா அவளுக்கு உசிரு. அதப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா."

"என்னடி பேச்சு இது?"

"நீதானேம்மா செஞ்சே?" என்றாள் சிட்டு, நிஜமாகவே புரியாமல். "நான் இன்னும் நல்லாச் செஞ்சேன்."

இளையவளின் கை ஓங்கியது. ஓங்கிய கையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தன் கன்னத்திலேயே வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்த குழந்தைக்காகத்தானே இத்தனையும்? அந்தக் குழந்தையைக் காணவில்லை. இங்கே நிற்பது வேறு யாரோ. கண்ணாடிக் கடையில் 'இதென்னக்கா கேள்வி' என்று இனித்தவளின் குட்டிப் பதிப்பு.

மூத்தவளை மன்னிக்க அவளால் முடியவில்லை. முடியும் என்றும் தோன்றவில்லை. ஆனால் மூத்தவளுக்குக் கொடுக்க வேண்டியதை மூத்தவளுக்கே கொடுக்கலாம், நேருக்கு நேர், பெரியவர்களுக்குள். நடுவில் இந்த இரண்டு பிஞ்சுகள் எதற்கு?

பையை எடுத்துக்கொண்டாள்.

"இப்பதானே வந்தே, எங்க கிளம்பிட்டே?" என்றான் கணவன்.

"டிக்கெட்ல ஒரு தப்பு."

ஓட்டமும் நடையுமாக மார்க்கெட் தெருவுக்கு வந்தபோது கவுண்டர்க்காரர் பாதிக் கதவை இறக்கியிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை பஸ்லயே இன்னொரு அரை டிக்கெட் போடணும். அந்தச் சீட்டுகிட்டயே."

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்குத்தானே? அதுதான் போட்டாச்சே."

"யாரு போட்டா?"

"உங்க வீட்டு அம்மா ஒருத்தங்க. கல்லு வெச்ச புதுக் கண்ணாடி போட்டிருந்தாங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துல வந்தாங்க. 'எங்க சின்னவ காசு வாங்க மாட்டேங்கறா, என் பொண்ணு டிக்கெட்டுக்கு உண்டானத நீங்க வாங்கிக்கோங்க, அவகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். ரெண்டு முழு, ஒரு அரைதான் எடுத்தாங்க, இன்னொரு பிள்ளைக்கு எடுக்கலையேன்னேன். நான் சொன்னது தப்பாம்மா?"

பாதி இறங்கியிருந்த கதவை இளையவள் பிடித்துக்கொண்டாள். அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. விழுந்த நேரத்தில் பார்க்க அவள்தான் அங்கே இல்லை.

"கோபப்பட்டாங்களா?"

"இல்லையே. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. அப்புறம் உங்க சீட்டு எதுன்னு கேட்டாங்க. அதுக்கு நேர் பின்னாடி ரெண்டு கேட்டு வாங்கினாங்க. ஒரு முழு, ஒரு அரை." அவர் மிச்சக் கதவில் கை வைத்தார். "போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னாங்க. பகல் பூரா ஓடும்மா, பொழுது சாயும்போதுதான் இறக்கிவிடும்னேன்."

"அதுக்கு?"

"'நல்லதாப் போச்சு, பேசறதுக்கு நேரம் பத்தும்'னு சொல்லிட்டுப் போனாங்க."